‘பதிவு’ என்பதற்கு மாற்றாக ‘முற்குறிப்பேடு’

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

தரவுத்தளம் பரிவர்த்தனைகளை (தரவில் செய்யும் மாற்றங்களை) எழுதிவைக்கும் கோப்புக்குப் ‘பரிவர்த்தனைப் பதிவு’ என்பதே போதும் என்று கோலாலம்பூர் நண்பர் எழுதியிருந்தார். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதிவந்தேன். அண்மையில் பினாங்கில் ஒரு மொத்த வணிகரின் கணக்குச் சேவையகத்தை மீட்கப் போனபிறகு அச்சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

அங்கே வட்டு நிரம்பியிருந்தது. இடம் தேடிய இளைஞர் ஒருவர், போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் பழைய பதிப்பிலுள்ள கோப்புறை ஒன்றின் பெயரில் ‘லாக்’ (பதிவு) என்று இருப்பதைக் கண்டு, பிழைச்செய்திகள் சேரும் இடம் என்று எண்ணி அதிலுள்ளவற்றை அழித்துவிட்டார். தரவுத்தளம் அதன்பின் இயங்கவில்லை. முந்தைய நள்ளிரவின் காப்பு நகலைக் கொண்டு மீட்டோம். அன்றைய விற்பனைச் சீட்டுகளையெல்லாம் தாள் நகல்களைப் பார்த்து இரண்டு நாள் உட்கார்ந்து மறுபடி ஏற்றினார்கள். அந்த இளைஞரை நான் குறைசொல்ல மாட்டேன். பெயர்தான் அவரைத் தவறான வழியில் நடத்தியது. வேறு பலரும் இவ்வாறே அழித்துவந்ததால், 2017இல் வெளிவந்த 10ஆம் பதிப்பில் போஸ்ட்கிரஸ் உருவாக்குநர்கள் அக்கோப்புறையின் பெயரையே ‘லாக்’ என்ற சொல் வெளிப்படையாக இல்லாத ‘பிஜி_வால்’ என்று மாற்றினார்கள். ஆங்கிலத்தில் கைவிட நேர்ந்த குழப்பத்தை நாம் தமிழில் புதிதாக உண்டாக்க வேண்டுமா?

பதிவு என்பது நடந்து முடிந்ததை எழுதிவைப்பது. நுழைவுப் பதிவு, பிழைப் பதிவு ஆகியவற்றுக்கு அது பொருந்தும். அவற்றை அழித்தாலும் தரவு அழியாது. நாம் பேசும் கோப்போ, மாறிய தரவுப் பக்கம் (தரவுக் கோப்பின் ஒரு பகுதி) வட்டில் இறங்குவதற்கு முன்பே அந்த மாற்றத்தின் குறிப்பு வட்டில் இறங்கியிருக்க வேண்டும் என்னும் விதியால் இயங்குவது. ஐபிஎம் நிறுவனத்தின் சி. மோகனும் உடன் ஆய்வாளர்களும் 1992இல் வெளியிட்ட ஏரீஸ் என்னும் தரவுத்தள மீட்பு முறையும் இவ்விதியின்மேல் நிற்கிறது: மின்சாரம் போய்த் திரும்பியதும், குறிப்புகளை முதலில் ஆராய்ந்து, விட்டுப்போன மாற்றங்களை மறுபடி செய்து, இறுதியில் முற்றுப்பெறாத பரிவர்த்தனைகளை நீக்குகிறது.

இந்த ஒழுங்கு நம் கணக்கர்களுக்குப் புதிதன்று. அன்றன்றைய வரவுசெலவைக் குறிப்பேட்டில் முதலில் எழுதி, பிறகு கணக்குவாரியாகப் பேரேட்டுக்கு எடுத்தெழுதுவார்கள். பேரேட்டைக் கரையான் அரித்தாலும் குறிப்பேடு இருந்தால் மறுபடி எழுதிக்கொள்ளலாம். செட்டியார்கள் கிட்டங்கி என்னும் தொழிலிடம் வைத்துக் கொடுக்கல்வாங்கல் நடத்திய பினாங்கு போன்ற ஊரில் பேரேடு என்றால் விளக்கம் தேவையில்லை. ஆகவே தரவுக் கோப்பு பேரேடு, நம் கோப்பு குறிப்பேடு. முன்கூட்டியே எழுதப்படுவதால் ‘முற்குறிப்பேடு’ என்கிறேன். முற்பகல், முற்காலம் என்பவற்றைப் போன்ற புணர்ச்சிதான். குறிப்பேட்டைக் குப்பையில் போட எந்தக் கணக்கருக்கும் கை வராது.

மீட்புக்குப் பின் அங்கே செய்த ஏற்பாட்டிலும் இச்சொல் உதவியது. வாரம் ஒருமுறை தரவுக் கோப்புகளை முழுமையாக நகலெடுக்கிறோம். முற்குறிப்பேட்டின் 16 மெகாபைட் துண்டுகள் நிறைய நிறைய வேறொரு கணினிக்குப் போய்ச் சேர்கின்றன. வியாபாரம் மந்தமான நேரத்தில் துண்டு நிறையக் காலம் பிடிக்கும் என்பதால், நிறையாவிட்டாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்த துண்டுக்கு மாறும்படி அமைத்தோம். வட்டே பழுதானாலும் இழப்பு சில நிமிடங்களோடு நிற்கும்.

இங்கே ‘காப்பு நகல்’ என்ற ஒரே சொல் இருவேறு பொருள்களைச் சுமப்பதையும் கவனிக்க வேண்டும். அட்டவணைகளைக் கட்டளைகளாக எழுதியெடுக்கும் நகலின்மேல் முற்குறிப்பேட்டிலுள்ள மாற்றங்களை மறுபடி செய்ய முடியாது. கோப்புகளை உள்ளபடியே எடுத்த நகலின்மேல்தான் முடியும். முன்னையதை ‘எழுத்து நகல்’ என்றும் பின்னையதை ‘அடிநகல்’ என்றும் பிரித்தால், எதை வைத்திருக்கிறோம் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

‘செக்பாயின்ட்’ என்பதற்குச் ‘சோதனைச் சாவடி’ என்று ஒருவர் தந்திருந்ததை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம். அங்கே எதுவும் சோதிக்கப்படுவதில்லை. அதுவரை நினைவகத்தில் இருந்த மாற்றங்கள் தரவுக் கோப்பில் இறங்கி முடிந்தன என்பதே அதன் பொருள். பேரேட்டுக்கு எடுத்தெழுதி முடித்த வரியில் பழைய கணக்கர்கள் இடும் அடையாளத்துக்கு வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு சொல் இருந்தால், அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.