மறு: பொய் மாறுகண்ணா, போலி மாறுகண்ணா?

குழுவினருக்கு வணக்கம். கண்கள் நேராக இருந்தும் மாறுகண்போல் தெரிவதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

ஐயா முன்வைத்த 'தோற்ற மாறுகண்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அஞ்சலிச் சுவரொட்டியில் 'தோற்றம்', 'மறைவு' என்றுதானே தேதி போடுகிறோம்? பிறவியிலேயே வந்த மாறுகண் என்று யாராவது படித்துவிட்டால் கதை தலைகீழாகிவிடும்.

எனக்கு இந்தச் சொல் அவசரமாக வேண்டும். மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் காவடி விழா மலருக்குக் குழந்தைகளின் கண் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறேன். தூண்டியது தங்கையின் 5 மாதக் குழந்தை. எந்தப் படத்திலும் இடக்கண் மூக்கைப் பார்த்து ஓடுவதுபோல் இருக்கும். மருத்துவர் சோதித்துவிட்டுப் பிரெஞ்சில் 'ஃபோ ஸ்த்ராபிஸ்ம்' (பொய் மாறுகண்) என்றார். தங்கை காதில் அந்த 'ஃபோ' மட்டும்தான் விழுந்தது. "பொய்யாம். நான் இல்லாததைச் சொல்கிறேனாம்" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அதோடு 'பொய்' எனக்கு வேண்டாமென்று ஆகிவிட்டது. 'போலி மாறுகண்' அதைவிட மோசம்: போலி மருத்துவர், போலி நோட்டு வரிசையில் பிள்ளையின் கண்ணும் போய் நிற்கும்.

உண்மையில் நடப்பது இவ்வளவுதான். கைக்குழந்தைக்கு மூக்குத்தண்டு அகலமாக, தட்டையாக இருக்கும். கண்ணின் உள்முனையில் ஒரு தோல்மடிப்பும் இருக்கலாம். அது மூக்குப் பக்கத்து வெள்ளையை மூடிவிடுகிறது. வெளிப்பக்கம் மட்டும் வெள்ளை தெரிவதால் கருவிழி உள்ளே போய்விட்டதாக நமக்குப் படுகிறது. குழந்தை பக்கவாட்டில் பார்த்தால் இன்னும் அதிகமாகத் தோன்றும். கண்கள் இரண்டும் நேராகத்தான் இருக்கின்றன. டார்ச் அடித்தால் ஒளிப்புள்ளி இரு கண்ணிலும் ஒரே இடத்தில் விழும். ஹிர்ஷ்பெர்க் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 19ஆம் நூற்றாண்டில் சொன்ன சோதனை இது. நிஜ மாறுகண்ணில் புள்ளி ஒரு கண்ணில் விலகி நிற்கும்.

ஆக, பிழை பார்ப்பவர் கண்ணில். அதனால் 'மாறுகண் மயக்கம்' என்று முதலில் எழுதினேன். இலக்கணத்தில் திணைமயக்கம் படித்தவர்களுக்குச் சரி, 'மயக்கம்' என்றால் ஒன்றை இன்னொன்றாகக் குழம்புவது என்று புரியும். எங்கள் ஊரில் வீட்டில் க்ரியோல் பேசி, தமிழைப் பள்ளியில் படித்தவர்கள், குழந்தை மயங்கி விழுந்துவிட்டது என்றல்லவா நினைப்பார்கள்!

இப்போது என் மனதில் நிற்பது 'மாறுகண்போலி'. 'போலி'யைப் பின்னால் வைத்ததும் கள்ளத்தனம் போய்விடுகிறது. 'இல்முன்' என்பது இடம் மாறி 'முன்றில்' ஆனதை இலக்கணப்போலி என்றால் அதை யாரும் திட்டுவதில்லையே. தவிர, 'போலி மாறுகண்' என்றால் அதுவும் ஒருவகை மாறுகண் என்றாகிறது. 'மாறுகண்போலி' மாறுகண்ணே அல்ல, அதைப் போல இருப்பது. நிஜமானதற்கு 'மெய்' எல்லாம் எதற்கு? வெறும் 'மாறுகண்' போதும். மாறுகண்ணுக்கு யாழ்ப்பாணத்து அன்பர் தந்த 'வாக்குக்கண்' எனக்குப் பிடிக்கும், ஆனால் இங்கே அதற்கும் ஓர் உரை எழுத வேண்டிவரும். 'ஒன்றரைக்கண்' வேண்டவே வேண்டாம், அது வசைச்சொல்.

— ரோஸ் ஹில்

*

தம்பி,

சொல் பிடித்திருக்கிறது. கவலை வேறு. "வளர வளரச் சரியாகிவிடும்" என்று பாட்டிமார் சொல்வது மாறுகண்போலிக்குத்தான் பொருந்தும். மூக்குத்தண்டு உயர்ந்தால் தோற்றம் போய்விடும். நிஜ மாறுகண்ணை அப்படி விட்டுவிட்டால் மூளை அந்தக் கண்ணின் பார்வையை ஒதுக்கிவிடும், கண் சோம்பிப்போகும். வீட்டில் டார்ச் அடித்துத் தாய்மார் தாங்களே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. இன்று 'போலி' என்று அனுப்பப்பட்ட குழந்தைக்குப் பின்னால் நிஜமாகவே வருவதும் உண்டு.

முதல் 3, 4 மாதம் கண் அவ்வப்போது அலைபாயுமே, அதை எதில் சேர்ப்பாய்?

— மோக்கா, மொரீஷியஸ்

*

அக்கா, அதை இரண்டிலும் சேர்க்கவில்லை. அங்கே கண் நிஜமாகவே விலகுகிறது, அதனால் போலி ஆகாது. 'கண் அலைதல்' என்று எழுதிவிடுகிறேன், யாருக்கும் புரியும்.

மலரில் இப்படிப் போடுகிறேன்: "4 மாதத்துக்குப் பிறகும் கண் விலகித் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மாறுகண்ணா, மாறுகண்போலியா என்று அவர் சொல்லட்டும். போலி என்றாலும் அடுத்து எப்போது வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்."

தங்கையிடம் படித்துக் காட்டினேன். 'போலி'க்கு இன்னும் முகம் சுளிக்கிறாள்.

— ரோஸ் ஹில்