‘லூனி லெஃப்ட்’ என்ற வசைச்சொல் யாரைக் குறித்தது?

கேள்வி:
1980களின் பிரிட்டிஷ் அரசியல் பற்றிய கட்டுரைகளில் ‘லூனி லெஃப்ட்’ என்ற தொடர் அடிக்கடி வருகிறது. பித்துப்பிடித்த இடதுசாரிகள் என்ற பொருள் விளங்குகிறது. ஆனால் அது தொழிற்கட்சி முழுவதையும் குறித்ததா, ஒரு பிரிவினரை மட்டுமா? நாம் எழுதும்போது அதைக் கையாளலாமா?

மறுமொழி 1:
முதன்மையாக லண்டனின் உள்ளாட்சி மன்றங்களையே குறித்தது. கென் லிவிங்ஸ்டன் தலைமையிலிருந்த பெருநகர லண்டன் மன்றமும், ஹாக்னி, ஹாரிங்கே, லாம்பெத் போன்ற தொழிற்கட்சி மன்றங்களும் நிறவெறி எதிர்ப்பு, பெண்ணுரிமை, தன்பாலீர்ப்பாளர் உரிமை ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கியதை இழித்துக்காட்ட பரபரப்புச் செய்திகளை வெளியிடும் டாப்லாய்டு நாளேடுகள் இத்தொடரைப் பரப்பின. அந்தக் கொள்கைகளை எடுத்துவைத்து எதிர்த்து வாதிட்டிருந்தால் அதில் குறைகாண ஒன்றுமில்லை. நடந்தது வேறு. ‘பா பா பிளாக் ஷீப்’ என்ற மழலைப் பாடலை நிறவெறி கொண்டதென்று சொல்லி ஹாக்னி மன்றம் தடைசெய்ததாக 1986இல் செய்தி பரவியது. மன்றம் அப்படியொரு தடையைப் பிறப்பிக்கவே இல்லை. கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் இத்தகைய செய்திகளின் மூலத்தைத் தேடிச் சென்றபோது, பல பொய்யாகவோ திரிக்கப்பட்டவையாகவோ இருந்தன. செய்தி பொய்த்த பிறகும் பட்டம் மட்டும் நிலைத்துவிட்டது என்பதை அநீதியாகவே கருதுகிறேன்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். இரண்டு செய்திகளைச் சேர்க்க வேண்டும். லிவர்பூலில் பதவியிழந்த 47 மன்ற உறுப்பினர்களையும் சிலர் இதே பட்டியலில் வைக்கிறார்கள். அவர்களுடைய மோதல் வரவுசெலவு குறித்து அரசோடு நடந்தது. தொழிற்கட்சிக்குள் இயங்கிய ட்ராட்ஸ்கியக் குழுவான மிலிட்டன்ட் பிரிவின் செல்வாக்கு மிகுந்த அந்த அரசியல் லண்டன் மன்றங்களின் அரசியலிலிருந்து வெகுவாக வேறுபட்டது. அடுத்து, இது எதிரிகளின் சொல்லாக மட்டும் இருக்கவில்லை. 1987 கிரீனிச் இடைத்தேர்தலில் தொழிற்கட்சி தோற்றபின், கட்சித் தலைவர் நீல் கின்னக்கின் பத்திரிகைச் செயலாளர் பட்ரிஷியா ஹியூவிட் எழுதி வெளியே கசிந்த கடிதத்திலும் ஏறத்தாழ இதே சொல்லாட்சி இருந்தது. சொந்தக் கட்சியே வழிமொழிந்த பிறகு மறுப்புக்கு வலுவேது?

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் இதை அறவே தவிர்ப்பதா?

மறுமொழி 1:
வரலாற்றை எழுதுகையில் தவிர்க்க முடியாது. மேற்கோள் குறிக்குள் இட்டு, யார் யாரை அப்படி அழைத்தார்கள் என்று சேர்த்து எழுதுங்கள். உங்கள் சொந்தக் கூற்றாக ஆள வேண்டாம். தன்பாலீர்ப்பை உள்ளாட்சி மன்றங்கள் ஊக்குவிக்கக் கூடாதென்ற 28ஆம் பிரிவு 1988இல் சட்டமானதற்கு இந்தப் பரப்புரையும் வழிவகுத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 வரை அது நீக்கப்படவில்லை.