லேபிள்ல கியாந்தின்னு ஏன் போடலை?

[சனி, மாலை 6:12]
பிரியா: நாளைக்கு மதியம் திறக்கப் போற பாட்டில் இதுதான் 📷 டிக்னனெல்லோ 2010, இத்தாலி ரெட் ஒயின். மாமா, இத்தாலியில கியாந்திங்கிற ஒயின் பகுதியில விளைஞ்சதுன்னாங்க, லேபிள்ல எங்கயுமே கியாந்தின்னு காணோம். வெறும் டொஸ்கானான்னு, டஸ்கனி மாநிலப் பேருதான் இருக்கு. சரக்கு அசல்தானே?

செந்தில் மாமா: அசல்தான்மா. முதல்ல பேரைச் சரியாச் சொல்லு. ‘gn’னு எழுதியிருக்கிற இடத்துல வர்றது நம்ம ‘ஞ’தான். திஞ்ஞானெல்லோ. ஆன்டினோரி குடும்பத்தோடது. 1385லேர்ந்து ஒயின் தொழில்ல இருக்காங்க.

கார்த்தி: தோட்டம் கியாந்தி கிளாசிக்கோ, அதாவது கியாந்தியோட பழைய மையப் பகுதி, எல்லைக்குள்ளயேதான் இருக்கு. ஃப்ளாரன்சுக்குத் தெக்க, கிரேவே ஆறு, பேசா ஆறு ரெண்டுக்கும் நடுவுல. 57 ஹெக்டேர், 350-400 மீட்டர் உயரம்.

வசந்தி அத்தை: அப்புறம் ஏன் பேரைப் போடலை?

செந்தில் மாமா: 1970ல கியாந்தி கிளாசிக்கோ ரிசெர்வான்னு (ரிசெர்வான்னா கூடுதல் நாள் ஊற வெச்ச ரகம்) போட்டுத்தான் வந்துச்சு. கியாந்தின்னா வெள்ளைத் திராட்சையும் கலக்கணும்ங்கிறது அப்போ விதி. அது இவங்களுக்கு ஒத்து வரலை. 1971ல பேரை உதறிட்டு ‘மேசை ஒயின்’னு வித்தாங்க. 1975ல வெள்ளைத் திராட்சை சுத்தமா நின்னுடுச்சு.

வசந்தி அத்தை: மேசை ஒயின்னா மட்டமான ரகம்தானே?

கார்த்தி: சட்டத்துல கடைசிப் படி அத்தை, விலையில முதல் வரிசை 😄 1992ல ஐஜிடின்னு, விளையுற பகுதிப் பேரைப் போட்டுக்கிற புது வகை வந்தப்புறம்தான் ‘டொஸ்கானா’ன்னு போட வழி பிறந்துச்சு.

பிரியா: வெள்ளை கலந்தா என்ன கெட்டுப் போச்சு?

செந்தில் மாமா: முக்கியத் திராட்சை சாஞ்சோவேசே. புளிப்பும் துவர்ப்பும் தூக்கல், நிறம் கம்மி. அதுல வெள்ளையை ஊத்தினா இன்னும் வெளுத்து நீர்த்துப் போகும். உடனே குடிக்கச் சரி, பத்துப் பதினஞ்சு வருஷம் வைக்க ஆகாது. அந்த இடத்துலதான் கபர்னேங்கிற பிரெஞ்சுக் கறுப்புத் திராட்சை வந்துச்சு. 1982லேர்ந்து கணக்கு கிட்டத்தட்ட மாறலை: சாஞ்சோவேசே 80 சதவீதம், கபர்னே சோவின்யோன் 15, கபர்னே ஃபிராங்க் 5. நிறமும் கனமும் அந்த இருபதுல வருது. அது கூடிட்டா டஸ்கனி வாசமே அமுங்கிடும். என்னைக் கேட்டா கபர்னே சோவின்யோன் 15 கூட அதிகம்தான்.

கார்த்தி: அதை நான் ஒத்துக்க மாட்டேன். அந்தப் 15 இருபதாச்சுன்னா வேணா சொல்லுங்க.

கார்த்தி: அக்கா, சாஞ்சோவேசேயைச் சின்ன மர பீப்பாய்ல வைக்கிற பழக்கத்தையும் கியாந்தில இவங்கதான் முதல்ல கொண்டு வந்தது. ஜாகோமோ டாக்கிஸ்ங்கிற ஒயின் நிபுணரோட கைவண்ணம். ஒவ்வொரு துண்டுத் தோட்டத்துச் சாறும் தனித்தனிப் பீப்பாய்ல ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். கலக்கிறது அப்புறம்தான். விளைச்சல் சரியில்லைன்னா அந்த வருஷம் போடவே மாட்டாங்க. 1984, 1992, 2002 எல்லாம் கிடையாது. அந்த வருஷம் போட்ட பாட்டில் எங்கயாவது கண்ணுல பட்டா போலிதான், தொடாதீங்க.

பிரியா: சரி, நாளைக்கு என்ன செய்யணும்? ரெண்டு மணி நேரம் முன்னாடியே டிகாண்டர்ல, அந்தக் கண்ணாடிக் குடுவையில, ஊத்திடவா?

செந்தில் மாமா: ஆமா, ரெண்டு மணி நேரம்.

கார்த்தி: மாமா, அது புது பாட்டிலுக்கு. இது 2010. அவ்வளவு நேரம் காத்துல கிடந்தா பழ வாசமெல்லாம் பறந்துடும். பரிமாற அரை மணி முன்னாடி ஊத்தினாப் போதும். இங்க டிகாண்டர் வண்டலைப் பிரிக்கத்தான்.

செந்தில் மாமா: வருஷத்தைக் கவனிக்கலை. கார்த்தி சொல்றதுதான் சரி.

கார்த்தி: அக்கா, இப்பவே பாட்டிலை நிமித்தி வெச்சிடுங்க. படுத்துக் கிடந்ததுல வண்டல் பக்கவாட்டுல ஒட்டியிருக்கும், ராத்திரியில அடியில இறங்கிடும். நாளைக்கு மெல்லத் தூக்கி ஒன்றரை, ரெண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல, நின்ன வாக்குலயே. 16-18 டிகிரி வரணும். நம்ம வீட்டு 30 டிகிரியில ஊத்தினா ஆல்கஹால்தான் மூக்குல ஏறும்.

கார்த்தி: கார்க் பழசு. திருகாணியை நட்டநடுவுல நேரா இறக்குங்க, சாஞ்சா பிட்டு மாதிரி உதிரும். ஊத்தும்போது பாட்டில் கழுத்துக்குக் கீழ ஃபோன் டார்ச். கறுப்பா ஒரு நூல் கழுத்தை நோக்கி வரும், அதோட நிறுத்திடுங்க. அடியில ரெண்டு மூணு ஸ்பூன் போனாப் போகட்டும்.

செந்தில் மாமா: டிகாண்டரை முகர்ந்து பாரு. அலமாரி வாசமோ சோப்பு வாசமோ வந்தா வெறும் தண்ணில அலசு. ஒயின்ல நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம் வந்தா கார்க் கோளாறு. எவ்வளவு நேரம் காத்தாட வெச்சாலும் போகாது.

வசந்தி அத்தை: மட்டன் சுக்கா செய்யறேன். ஒத்து வருமா?

கார்த்தி: மட்டன் நல்லாவே வரும் அத்தை. மிளகாயைப் பாதியாக் குறைச்சு மிளகு போடுங்க. மிளகாய்க் காரத்துல துவர்ப்பு கசப்பாத் தெரியும், தொண்டையும் எரியும்.

[இரவு 9:40]
பிரியா: ஃப்ரிட்ஜ்ல நிமித்தி வைக்க இடமே இல்ல. இட்லி மாவு அண்டா இருக்கு.

கார்த்தி: வாளில பாதி ஐஸ், பாதி தண்ணி. பத்துப் பதினஞ்சு நிமிஷம் போதும்.

வசந்தி அத்தை: மாவை எடுத்து வெளிய வெச்சிடாதே, பிரியா.