மறு: 'பிளாஸ்மா சிதைவு' – மாற்றுச்சொல் தேவையா?

வணக்கம். 'பிளாஸ்மா சிதைவு' (plasmolysis) என்பது, உப்புக் கரைசலில் இட்ட தாவர செல் நீரை இழந்து, அதன் உள்ளிருப்பு செல்சுவரை விட்டு விலகுவது. அந்தச் சொல்லை மாற்ற வேண்டுமா என்ற நம் இழையில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> பாடநூலில் நிலைத்துவிட்ட சொல்லை இப்போது ஏன் கிளற வேண்டும்?

கிளறியது நான் அல்ல ஐயா, பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள். ரியோ என்ற அழகுச் செடியின் இலையில் அடிப்புறத்து ஊதாத் தோலை உரித்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, உப்புக் கரைசலில் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறாள். செல் முழுக்க நிறைந்திருந்த ஊதா, மூலைகளை விட்டு ஒதுங்கி நடுவில் உருண்டு நின்றது. செல்சுவர் மட்டும் வெறும் பெட்டியாக அப்படியே இருந்தது. பதிவேட்டில் "உள்ளே இருந்தது சுவரை விட்டு விலகியது" என்று எழுதினாள். அது அடிக்கப்பட்டு, மேலே சிவப்பு மையில் "சிதைந்தது" என்று வந்திருக்கிறது. உப்பை நீக்கி வெறும் தண்ணீர் விட்டபோது ஊதா திரும்பவும் சுவரைத் தொட்டதையும் அவள்தான் பார்த்தாள். "சிதைந்தது எப்படியப்பா திரும்பி வரும்?" என்கிறாள்.

'பிளாஸ்மாலிசிஸ்' என்பதில் உள்ள 'லைசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு அவிழ்தல், தளர்தல் என்றும் பொருள் உண்டு. நாம் சிதைவை மட்டும் பிடித்துக்கொண்டோம். வெறும் நீரில் போட்ட சிவப்பணு ஊதி வெடிக்கிறதே, அதற்குச் சிதைவு சரியான சொல். செறிந்த உப்பில் நெடுநேரம் கிடந்து செத்துப்போன செல்லும் மீளாது, அதற்கும் சொல்லலாம். மகள் பார்த்ததற்குப் பொருந்தாது.

> இலங்கையில் முதலுருச்சுருக்கம் என்போம். அதையே எடுத்துக்கொள்ளலாமே.

நல்ல சொல் (முதலுரு என்றால் செல்லின் உள்ளிருக்கும் உயிர்ப்பொருள்), நம்முடையதைவிட நூறு மடங்கு மேல். ஒரே ஒரு தயக்கம். உப்புநீரில் சிவப்பணுவும் சுருங்குகிறது, ஆனால் அதற்குச் சுவர் கிடையாது. சுருங்குவது எல்லா உயிரணுக்களுக்கும் பொது. சுவர் நிற்க, அதன் உட்புறம் ஒட்டியிருக்கும் செல்சவ்வு அதைவிட்டுப் பிரிவதுதான் இங்கே விசேஷம்.

'செல்வாடல்' என்ற பரிந்துரை காதுக்கு இனிமை. ஆனால் நீர் குறைந்து விறைப்பு தளர்ந்தாலே இலை வாடத் தொடங்கிவிடும்; அப்போது சவ்வு சுவரை விட்டிருக்க வேண்டியதில்லை.

ஆகவே மகளின் வாக்கியத்திலிருந்தே எடுக்கிறேன்: சுவர்விலகல். பார்த்ததைச் சொல்கிறது. வினையாக்கினாலும் இடறவில்லை: 'உப்பில் இட்ட செல் சுவர்விலகியது'. 'செல்'லா 'கல'மா என்ற நமது பழைய வழக்கையும் இது தொடாமல் போகிறது (அந்த இழையை மீண்டும் திறக்க வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன்).

ஊதா திரும்பி வருவதற்குத்தான் சொல் சிக்கவில்லை. 'சுவரணைதல்' என்று எழுதிப் பார்த்தேன். விளக்கை அணைப்பதுபோல் ஒலிக்கிறது. 'சுவர்சேர்தல்' பரவாயில்லை, கொஞ்சம் தட்டையாக இருக்கிறது. இலக்கணம் அறிந்தவர்கள் கைகொடுங்கள்.

அன்புடன்.