பில் கையில இருக்கு, 2பி-ல வரலையே?

மாங்கூழ்_கிருஷ்ணகிரி: ஓசூர்ல அட்டைப்பெட்டி வாங்குனோம், 18,000 ரூபா ஜிஎஸ்டி சேத்து குடுத்தாச்சு, பில்லும் இருக்கு, ஆனா ஜிஎஸ்டி போர்ட்டல்ல 2பி (வாங்குன பில்லுக்கு எவ்வளவு கிரெடிட்னு காட்டுற பட்டியல்) தொறந்தா அந்த பில்லே காணோம். ஆடிட்டர் இந்த மாசம் கிரெடிட் எடுக்க, அதாவது குடுத்த ஜிஎஸ்டிய நாங்க கட்டவேண்டிய வரியில கழிச்சுக்க, முடியாதுன்றார். காசு குடுத்தது நாங்க, ஏன் எடுக்கக்கூடாது?

கணக்கு_தம்பி: அண்ணா, உங்க கையில இருக்கிற பில்ல சிஸ்டம் பாக்காது, வித்தவர் தன்னோட விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-ல ஏத்துனாத்தான் உங்களுக்கு வரும். மாசாமாசம் போடுறவருக்கு அடுத்த மாசம் 11-ம் தேதி கடைசி, 14-ம் தேதி 2பி ரெடியாகும், 20-க்குள்ள நீங்க 3பி (வரி கட்டுற ரிட்டர்ன்) போடணும். அவர் 12-ம் தேதி ஏத்துனா அடுத்த மாச 2பி-லதான் விழும். 2022 ஜனவரில இருந்து 2பி-ல இல்லாததுக்கு கிரெடிட் கிடையாது. கொடுமைதான், ஆனா போலி பில்ல தடுக்கத்தான் இப்படி வச்சிருக்காங்க.

தர்மபுரி_ஹார்ட்வேர்ஸ்: அவர் மூணு மாசத்துக்கு ஒருக்கா ரிட்டர்ன் போடுறவரான்னும் கேளுங்க, அப்படின்னா முதல் ரெண்டு மாச பில்ல 13-ம் தேதிக்குள்ள ஐஎஃப்எஃப்-ல (ரிட்டர்னுக்கு முன்னாடியே பில்ல ஏத்துற வசதி) ஏத்தலாம். எனக்கு ஒருத்தர் ஏத்தியிருந்தார், ஆனா என் ஜிஎஸ்டி நம்பரே போடாம சில்லறை விற்பனைல சேத்துட்டார், நேர்ல போய் உக்காந்து திருத்த வச்சேன்.

மாங்கூழ்_கிருஷ்ணகிரி: இப்பதான் போன் பண்ணேன், மூணு மாச ரிட்டர்ன் தானாம். ரொம்ப நன்றிங்க.