கோல்ஃப் நிபுணர்களின் கணிப்பை எதை வைத்து அளப்பது?

பசும்புல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கடந்த இரண்டு பருவங்களாக, போட்டி தொடங்குவதற்கு முந்தைய புதன்கிழமை இரவில், கோல்ஃப் எழுத்தாளர்களும் முன்னாள் வீரர்களும் "இந்த வாரம் இவர்தான் வெல்வார்" என்று சொல்லும் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை முடிவு தெரிந்ததும் அந்தப் பெயருக்கு எதிரே சரி என்றோ தவறு என்றோ குறியிடுவேன். பக்கம் பக்கமாகப் பெருக்கல் குறிகளே நிறைந்திருக்கின்றன. அபூர்வமாகச் சரி என்று இட்ட இடங்களிலும் பெரும்பாலும் ஸ்காட்டி ஷெஃப்லரின் பெயரே இருக்கிறது. 2024-இல் பி.ஜி.ஏ. டூரில் மட்டும் ஏழு பட்டங்களையும் அதற்கு மேல் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்ற ஒருவரின் பெயரைச் சொல்வதற்குத் தனிப்பட்ட நிபுணத்துவம் வேண்டுமா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது.

பழைய போட்டிகளைப் பார்த்தால் ஐயம் இன்னும் வலுக்கிறது. 2003-இல் ராயல் செயின்ட் ஜார்ஜஸில் நடந்த தி ஓபன் போட்டியை வென்ற பென் கர்டிஸ் அப்போது உலகத் தரவரிசையில் 396-ஆம் இடத்தில் இருந்தார். அவர் ஆடிய முதல் மேஜர் போட்டியே (ஆண்டின் நான்கு பெரும் போட்டிகளுள் ஒன்று) அதுதான். 2009-இல் ஹேசல்டீனில் நடந்த பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில், மூன்று சுற்றுகளின் முடிவில் டைகர் வுட்ஸ் முன்னிலையில் இருந்தார். அதற்கு முன் மேஜர் போட்டிகளில் அவ்வாறு முன்னிலையில் இருந்த 14 முறையும் அவரே வென்றிருந்தார். ஆனால் அன்று கோப்பையைப் பெற்றவர் தரவரிசையில் 110-ஆம் இடத்தில் இருந்த கொரிய வீரர் ஒய்.இ. யாங்.

இந்த நிலையில் நிபுணர்களின் கணிப்புக்கு ஏதேனும் மதிப்பு உண்டா? உண்டென்றால் அதை நேர்மையாக அளக்கும் வழி எது? எளிதில் ஒதுக்கித் தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை, ஏனெனில் அவர்கள் எழுதுவதைப் படித்துத்தான் இந்த விளையாட்டையே கற்றுக்கொண்டேன்.

எண்ணும்எழுத்தும்:

நண்பர் பசும்புல்லுக்கு வணக்கம். இரண்டு பருவங்கள் பொறுமையாகக் குறித்து வைத்ததற்கு முதலில் என் பாராட்டுகள். ஆனால் உங்கள் குறிப்பேடு கேட்கும் கேள்வியே நிபுணர்களுக்குப் பாதகமானது என்று கருதுகிறேன்.

ஜேக் நிக்லாஸ் தம் வாழ்நாளில் 164 மேஜர் போட்டிகளில் ஆடி 18-இல் வென்றார். இன்றுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை அது. அந்த 164 முறையும் ஒருவர் நிக்லாஸின் பெயரையே சொல்லியிருந்தால், அவருடைய குறிப்பேட்டில் 146 பெருக்கல் குறிகள் விழுந்திருக்கும். இளமையிலும் முதுமையிலும் அவர் ஆடிய போட்டிகளைக் கழித்துவிட்டு உச்சத்தில் இருந்த ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் தோல்விகளே மிகுதி.

இதன் காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு தொழில்முறை வீரரின் ஸ்கோர், அவருக்குரிய சராசரியிலிருந்து ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ மூன்று ஸ்ட்ரோக் (பந்தை ஒருமுறை அடிப்பது; குறைவாக எடுப்பவரே முன்னிலை) இப்படியோ அப்படியோ விலகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சுற்றுகளைக் கூட்டும்போது நல்ல நாளும் கெட்ட நாளும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்வதால், அந்த விலகல் நான்கு மடங்காகாமல் இரண்டு மடங்காகும். அதாவது ஆறு ஸ்ட்ரோக். களத்தின் சராசரி வீரரைவிடச் சுற்றுக்கு இரண்டு ஸ்ட்ரோக் சிறந்தவருக்கு நான்கு நாட்களில் எட்டு ஸ்ட்ரோக் அனுகூலம் கிடைக்கிறது. ஆனால் 150 பேர் ஆடும் களத்தில், தம் சராசரியைவிடப் பதினைந்து ஸ்ட்ரோக் சிறப்பாக ஆடும் ஒருவர் ஒவ்வொரு வாரமும் எங்கிருந்தாவது வந்துவிடுவார். அவர் யார் என்று முன்கூட்டியே சொல்ல எவராலும் இயலாது. ஆகவே முதல்நிலை வீரரும் தமக்கு ஒரு நல்ல வாரம் வாய்த்தால்தான் வெல்ல முடியும்.

இன்னொரு சிக்கல், ஓராண்டுக் கணக்கு போதாது என்பது. வாரம் ஒரு பெயராக 40 வாரங்கள் சொல்லும் ஒருவர், ஒவ்வொரு முறையும் உண்மையிலேயே 10 சதவீத வாய்ப்புள்ள வீரரைத் தேர்ந்தெடுக்கும் திறமை படைத்தவராக இருந்தால், நான்கு வெற்றிகளை எதிர்பார்க்கலாம். இரண்டு வந்தாலும் ஆறு வந்தாலும் வியப்பில்லை. அவரில் பாதித் திறமை உள்ளவருக்கு இரண்டு வெற்றிகளை எதிர்பார்க்கலாம், ஆனால் மூன்றோ நான்கோ அமைவதும் இயல்பே. இந்த இருவரையும் ஒரு பருவத்தின் முடிவுகளை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது.

எனவே வெற்றியாளரை விட்டுவிட்டு, ‘கட்’ எல்லையை (இரண்டு சுற்றுகளுக்குப் பின் பின்தங்கியவர்களை நீக்கும் எல்லை) தாண்டுவாரா, முதல் இருபதுக்குள் வருவாரா, குறிப்பிட்ட இருவரில் எவர் முன்னே முடிப்பார் என்பன போன்ற கேள்விகளுக்கு அவர்கள் தரும் விடைகளைக் குறித்து வையுங்கள். வாரத்துக்கு ஒன்றாக இருந்த தரவு பத்து, இருபதாகப் பெருகும். அவர்கள் சதவீதமாகச் சொன்னால் இன்னும் நல்லது. வானிலைக் கணிப்புகளைச் சரிபார்க்க 1950-இல் கிளென் பிரையர் முன்வைத்த முறையில், சொன்ன நிகழ்தகவுக்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கமாக்கிச் சராசரி காணலாம். கட் எல்லையைத் தாண்ட 80 சதவீத வாய்ப்பு என்று சொல்லி வீரர் தாண்டிவிட்டால் தண்டனை 0.04, தாண்டாவிட்டால் 0.64. அளவுக்கு மீறி உறுதியாகப் பேசுகிறவரை இந்த அளவுகோல் தப்பவிடாது.

மணற்குழி:

மேலே சொன்ன கணக்கை நான் மறுக்கவில்லை. ஆயினும் கடைசி ஒன்பது குழிகளை உட்கார்ந்து பார்ப்பவனாக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கர்டிஸ் வென்ற அந்த 2003 போட்டியில் முன்னிலையில் இருந்தவர் தாமஸ் பியோர்ன். பதினாறாம் குழியில் அவருடைய பந்து கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள மென்புல் பரப்பு) பக்கத்து மணற்குழியில் விழுந்தது. அங்கிருந்து அடித்த பந்து கிரீனின் விளிம்பைத் தொட்டு, சரிவில் மெல்லத் திரும்பி உருண்டு, அவர் காலடிக்கே வந்தது. மீண்டும் அடித்தார், மீண்டும் அதே போல் திரும்பி வந்தது. மூன்றாவது முறைதான் பந்து மேலே நின்றது. முடிவில் அவர் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் பின்தங்கினார். பியோர்ன் வெல்வார் என்று அன்று சொன்ன நிபுணரைத் தவறானவர் என்று எப்படிச் சொல்வது?

2024 யு.எஸ். ஓபனும் அப்படியே. பைன்ஹர்ஸ்டில் ரோரி மெக்கில்ராய் பதினாறாம் குழியில் மூன்று அடித் தொலைவுக்கும் குறைவான ஒரு பட் (கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டுவது) வாய்ப்பைத் தவறவிட்டார். அந்தப் பருவத்தில் அத்தனை அருகிலிருந்து அவர் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. பதினெட்டாம் குழியில் நான்கு அடிக்கும் குறைவான இன்னொன்றையும் தவறவிட்டார். பிரைசன் டிஷாம்போ ஏறத்தாழ 55 கெஜம் தொலைவில் மணலிலிருந்து பந்தைக் குழியருகே சேர்த்து, ஒரு ஸ்ட்ரோக்கில் வென்றார். கணிப்பின் தரத்தையும் முடிவையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது நியாயமன்று.

நிபுணரின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு வீரர் மணிக்கட்டு வலியோடு பயிற்சிக் களத்தில் அடிக்கிறாரா, தி ஓபனில் காலையில் தொடங்கும் பாதிப் பேருக்குக் காற்று அடங்கியிருக்குமா என்பவை எந்த அட்டவணையிலும் உடனே ஏறுவதில்லை. அவற்றை நேரில் பார்த்துச் சொல்பவரையே நான் தேடிப் படிக்கிறேன்.

பசும்புல்:

இருவருக்கும் நன்றி. பியோர்னின் பந்து திரும்பி வந்ததைப் படித்தபோது, நான் இட்ட குறிகளில் எத்தனை இப்படிப்பட்டவையோ என்று வருத்தமாக இருந்தது. இன்னொரு ஐயம்: "மாஸ்டர்ஸ் போட்டிக்கு முதன்முறையாக வருபவர் வெல்ல மாட்டார்" என்று ஏறத்தாழ எல்லா நிபுணர்களும் ஆண்டுதோறும் சொல்கிறார்கள். 1979-இல் ஃபஸ்ஸி ஜோலர் வென்ற பிறகு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது பொய்க்கவில்லையே. இதை நிபுணத்துவம் என்று ஏற்கலாமா?

ஒற்றைப்பனை:

பாதி ஏற்கலாம் ஐயா. மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டாவின் கிரீன்களில் பந்தை எங்கே இறக்கினால் எங்கே ஓடும் என்பதைப் பழகித்தான் அறிய முடியும். ஆனால் அங்கு முதன்முறை வருபவர்களில் அமெச்சூர்களும் எந்தக் களத்திலும் வெல்ல வாய்ப்புக் குறைந்தவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். வெல்லக்கூடிய தகுதியுடன் முதன்முறை வருபவர்கள் ஆண்டுக்குச் சிலரே. அவர்களிலும் ஒவ்வொருவரின் வாய்ப்பும் சில சதவீதம்தான். ஜோர்டன் ஸ்பீத் 2014-இலும், சுங்ஜே இம் 2020-இலும், வில் ஸலடோரிஸ் 2021-இலும், லுட்விக் ஓபேரி 2024-இலும் தம் முதல் மாஸ்டர்ஸிலேயே இரண்டாம் இடம் பெற்றார்கள். ஸலடோரிஸ் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் தவறவிட்டார். அந்த ஒரு ஸ்ட்ரோக் மாறியிருந்தால் விதி என்று சொல்லப்படுவதே இன்று இருந்திருக்காது.

எனக்கு மிகுந்த மனக்குறை தருவது வேறு ஒன்று. "கவனிக்கத்தக்கவர்", "இந்தக் களம் இவருக்குப் பொருந்தும்", "எந்த நேரமும் வெடிக்கலாம்" என்று பத்துப் பெயர்களைத் தூவிவிட்டு, அவற்றில் ஒன்று வென்றதும் "அன்றே சொன்னேன்" என்று எழுதும் பழக்கம். அச்சொற்களை எந்த முடிவும் பொய்யாக்க முடியாது. முந்தைய வாரம் யார் நன்றாகப் பட் செய்தார் என்பதை வைத்து ஃபார்மைப் பேசுவதும் இதே வகைதான். எட்டு அடித் தொலைவிலிருந்து தொழில்முறை வீரர்கள் ஏறத்தாழ பாதி பட்களைத்தான் உள்ளே தள்ளுகிறார்கள். ஒரு வாரம் அவை உருண்டு விழுந்தன என்பதால் அடுத்த வாரமும் விழும் என்று கொள்ள இடமில்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி உருவாக்கிய ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட் கணக்கு (ஒவ்வொரு ஷாட்டும் சராசரியைவிட எவ்வளவு லாபம் தந்தது என்று அளப்பது), சிறந்த வீரர்களைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டுவதில் பட்டிங்கைவிட, கிரீனை நோக்கி அடிக்கும் அப்ரோச் ஷாட்டுகளுக்கே பங்கு அதிகம் என்று காட்டியது. அதைப் பார்த்துப் பேசுகிறவர்களின் கணிப்பு எனக்கு நம்பகமாகத் தெரிகிறது.

இறுதியாக, ஒப்பிட ஓர் அடிக்கோடு வேண்டும். பந்தயச் சந்தையின் விலையை நிகழ்தகவாக மாற்றிக்கொள்ளுங்கள். களத்தில் உள்ள அனைவருடையதையும் கூட்டினால் 100 சதவீதத்தைத் தாண்டும், ஆகவே அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும். வாய்ப்புக் குறைந்த வீரர்களுக்குச் சந்தை சற்று மிகையான நிகழ்தகவைத் தரும் என்பதையும் நினைவில் வையுங்கள். நிபுணர் அந்தக் கோட்டைத் தாண்டுகிறாரா என்று பாருங்கள்.

பசும்புல்:

புரிந்தது. பழைய பக்கங்களில் சதவீதம் எதுவும் இல்லாததால் அவற்றை மீட்க வழியில்லை. அடுத்த போட்டியிலிருந்து நான்கு நிரல்கள் வரைகிறேன்: நிபுணர் சொன்னது, அவர் குறிப்பிட்ட காரணம், புதன் இரவுச் சந்தை நிகழ்தகவு, முடிவு. வெற்றியாளரை விட்டுவிட்டு, கட் எல்லையையும் இருவர் ஒப்பீட்டையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நானூறு வரிகள் சேர்ந்ததும் இங்கேயே பதிவிடுகிறேன்.