வெளியீட்டுக்கு முந்தின இரவு இடம் மாறிய பொத்தான்

உவர்மலையிலிருந்து:

போன கிழமை இங்கே ஒரு தம்பி, "கடைசி நேரத்தில் ஒரு பொத்தானின் பெயரை மாற்றினால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்டிருந்தார். அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். கோபமாக எழுதிவிடுவேன் போல இருந்ததால் விட்டுவிட்டேன். இன்று ஆறுதலாகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வாசிகசாலைக்கு, நூல் இரவல் கணக்குப் பார்க்கும் திறந்த மூல மென்பொருள் ஒன்றை நிறுவிக் கொடுத்திருந்தோம். அதன் பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள் சம்பளமில்லாமல் செய்கிற வேலை அது. தமிழ் மொழிபெயர்ப்பை நானும் இரண்டு நண்பர்களும் பார்த்தோம். புதிய பதிப்பு வெளிவர பத்து நாள் இருக்கும்போதே ஒரு வரி மிச்சமில்லாமல் முடித்துவிட்டோம். வாசிகசாலை அக்காவுக்காகத் திரைப் படங்களோடு 14 பக்க வழிகாட்டி ஒன்று எழுதி, போட்டோக்கொப்பி எடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் "மீளளிப்பு" பொத்தானைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். "வலது கீழ் மூலை அக்கா. புத்தகம் திரும்பி வந்தால் அதை அழுத்துங்கோ, அவ்வளவுதான்."

வெளியீட்டுக்கு முந்தின இரவு அந்த மென்பொருளை உருவாக்கும் திட்டத்தில் ஒருவர் அந்தத் திரையை அழகுபடுத்தினார். ஆங்கிலத்தில் "ரிட்டர்ன்" என்று இருந்ததை "ரிட்டர்ன் ஐட்டம்" என்று மாற்றி இடது பக்கம் கொண்டுபோனார். வலது மூலைக்கு, இரவல் தவணையை நீட்டுகிற "புதுப்பி" வந்தது. ஐரோப்பாவில் கோடைகால இரவு 11 மணி என்றால் திருகோணமலையில் பின்னிரவு 2.30. நாங்கள் எழும்பிப் பார்க்கும்போது பதிப்பு வெளியாகிவிட்டது. நானும் அதை வாசிகசாலைக் கணினியில் ஏற்றிவிட்டு, ஒவ்வொரு திரையாகத் திறந்து பார்க்காமல் வேலைக்கு ஓடினேன். அது என் பிழை.

இங்கே ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவியைப் பாவிக்கிற மென்பொருள்களில் மொழிபெயர்ப்பு ஆங்கில மூல வரியோடு கட்டப்பட்டிருக்கும். மூல வரியில் ஒரு எழுத்து மாறினாலும், கடைசியில் ஒரு முக்காற்புள்ளி சேர்ந்தாலும், பழைய தமிழ் வரி "ஃபஸி" (சந்தேகத்துக்குரியது) என்று குறிக்கப்பட்டு ஒதுங்கிவிடும். யாராவது பார்த்து உறுதிசெய்யும்வரை திரையில் ஆங்கிலம்தான் தெரியும். ஆக, அக்காவின் திரையில் "மீளளிப்பு" காணாமல் போய், இடது பக்கம் ஏதோ ஆங்கிலம் நின்றது. வலது கீழ் மூலையில், வழிகாட்டியில் வட்டம் போட்ட அதே இடத்தில், தமிழில் ஒரு பொத்தான். அக்கா அதைத்தான் அழுத்தினார். யாராக இருந்தாலும் அதைத்தான் அழுத்தியிருப்பார்கள்.

நான்கு நாள் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. பாலையூற்றிலிருந்து சைக்கிளில் வருகிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் புதிதாக ஒரு நாவல் கேட்டிருக்கிறார். "ஐயா, உங்கட பேரில் இன்னும் மூன்று புத்தகம் நிற்குது" என்று அக்கா சொல்ல, "நான் திங்கட்கிழமையே கொண்டுவந்து தந்தேனே பிள்ளை" என்று அவர் சொல்ல, பின்னால் நின்றவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அவர் வேறு ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார். நானும் அக்காவும் இரவு ஒன்பது மணிவரை ராக்கை ராக்கையாகப் பார்த்து, திரும்பி வந்தும் "புதுப்பிக்கப்பட்டது" என்று பதிவாகியிருந்த 57 புத்தகங்களைச் சரிசெய்தோம். மறுநாள் காலை அந்த நாவலை எடுத்துக்கொண்டு ஐயாவின் வீட்டுக்குப் போனேன். அவர் வாங்கிக்கொண்டார், தேத்தண்ணியும் தந்தார். ஆனாலும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. என்ன குறைந்துவிடும் என்று கேட்ட தம்பி, அந்த நான்கு நாளில் ஐயா சொன்ன உண்மைக்கு மதிப்பில்லாமல் போனது.

திட்டத்துக்கு நீளமாக எழுதினேன். மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்தேன். லினக்ஸ் கணினிகளின் திரைச் சூழலான க்னோம் வருடத்தில் இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் வெளிவருகிறது. அதற்குமுன் இடைமுகம் உறையும், அதாவது திரையின் அமைப்பை இனி மாற்றக்கூடாது; பிறகு திரையில் வரும் வரிகளும் உறையும். அதன்பின் வரியை மாற்ற மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளர்களின் சம்மதம் வேண்டும். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இடைமுகம் உறைந்த பிறகு எதையாவது மாற்றினால் ஆவணக் குழுவுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் அறிவிக்க வேண்டும். இவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். இப்போது மூன்று வாரத்துக்கு முன்பே உறைநிலை. அதற்குப் பிறகு வரும் மாற்றத்துக்கு ஆவணம் எழுதுகிற ஒருவரும் மொழிபெயர்க்கிற ஒருவரும் "சரி" சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது ஆளாக என்னையே போட்டார்கள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் மறுபக்கமும் தெரிந்தது. அடுத்த வெளியீட்டுக்கு ஐந்து நாள் இருக்கும்போது இரண்டு கோரிக்கைகள் வந்தன. ஒன்று, எல்லாச் சின்னங்களையும் புது நிறத்துக்கு மாற்றுவது. உண்மையிலேயே வடிவாக இருந்தது, ஒரு மாணவர் ஒரு மாதம் உழைத்திருக்கிறார். ஆனால் வழிகாட்டியில் 11 படங்கள் பொய்யாகிவிடும். அவரோடு அழைப்பெடுத்துக் கதைத்து, அடுத்த பதிப்பில் முதல் ஆளாகச் சேர்ப்பதாகச் சொன்னேன், அப்படியே சேர்த்தோம்.

மற்றது முன்பதிவை ரத்துச் செய்யும் பெட்டி. "முன்பதிவை ரத்துச் செய்யவா?" என்று கேட்டு, கீழே "ரத்துச் செய்", "சரி" என்று இரண்டு பொத்தான்கள். எதை அழுத்தினால் முன்பதிவு போகும்? ஆங்கிலத்திலும் இதே குழப்பம்தான். இதை அப்படியே வெளியிடுவது பாவம். அதனால் மாற்ற அனுமதித்தோம், ஆனால் ஒரு நிபந்தனையோடு: புதிய வரி எதுவும் எழுதக்கூடாது. "ஆம்", "இல்லை" என்ற இரண்டும் வேறு திரைகளில் ஏற்கனவே இருந்தன, எல்லா மொழியிலும் மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. அவற்றையே எடுத்துப் போட்டோம். ஒரு மொழியிலும் ஒரு வரிகூட ஆங்கிலமாக மாறவில்லை. கடைசி வாரத்தில் கைவைத்தே ஆகவேண்டும் என்றால் முதலில் இந்த வழியைத் தேடுங்கள்.

கிண்ணியாவிலிருந்து:

நானா, எங்களுக்கு நடந்தது இன்னும் சின்ன விஷயம். ஆங்கில வரியில் ஒரு எழுத்துப்பிழை. வெளியீட்டுக்கு முதல் நாள் ஒருவர் நல்லெண்ணத்தோடு திருத்திவிட்டார். அந்த ஒரு வரி எல்லா மொழியிலும் ஆங்கிலமாகிவிட்டது. பொருள் மாறவில்லை, எழுத்துத்தான் மாறியது. அப்படியானால் மொழிக் கோப்புகளிலும் அதே மூல வரியை அதே கையோடு திருத்திவிட்டால் மொழிபெயர்ப்பு அப்படியே நிற்கும். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கோணேசபுரியிலிருந்து:

அண்ணா, வளாகத்தில் எங்கள் குழுவும் வழிகாட்டி எழுதுகிறது. படங்களை எப்போது எடுப்பது?

உவர்மலையிலிருந்து:

தங்கச்சி, இடைமுகம் உறைந்த பிறகு எடுங்கள், அதுவும் தமிழ்த் திரையிலேயே. முழுத் திரையை எடுக்காமல் தேவையான பகுதியை மட்டும் வெட்டிப் போட்டால் பக்கத்தில் ஏதாவது மாறினாலும் படம் பிழைக்கும். பொத்தானை இடத்தைச் சொல்லிக் காட்டாதீர்கள், அதன் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள். "வலது கீழ் மூலை" என்று நான் எழுதியதை இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன்.

இப்போது ஒவ்வொரு முன்வெளியீட்டையும் வாசிகசாலையின் இரண்டாவது கணினியில் ஏற்றுகிறேன். அக்கா மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் பத்துப் புத்தகத்தைக் கொடுத்து வாங்கிப் பார்க்கிறார். போன முறை மாலை நான்கு மணிக்கு அழைத்தார். "தம்பி, தேடல் பெட்டிக்குக் கீழே ஒரு வரி இங்கிலீசில் நிற்குது. படம் அனுப்பியிருக்கிறன், பாருங்கோ." வெளியீட்டுக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது.